பி.ஏ. தம்பியின் ராத்திரிக் கண்ணாடி

இது என் வீட்டில் நடந்த கதை. கதாநாயகனும் நான்தான். இருந்தாலும் பாதிக் கதை எனக்கு இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். பரணுக்கு மேலே நடந்ததை நான் சொல்கிறேன். பரணுக்குக் கீழே நடந்ததைப் பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணன் எனக்குச் சொன்னார். கேட்டதை எல்லாம் நம்பிவிடக் கூடாது என்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நானே போய் விசாரித்தேன். விசாரிக்காமல் இருந்திருக்கலாம்.

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் நாலு தோட்டம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று எங்களுடையது. மற்றவை பொங்கியண்ணனுடையது, குப்பண்ணனுடையது, மருதாத்தா அக்காவுடையது. நாலிலும் கடலைக்காய்தான். கடலை காய் பிடித்ததும் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். அதற்காக நடுவில் ஒரு பரண் கட்டியிருக்கிறது. ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு காவல். அந்த வீட்டு ஆண்தான் பரணில் ஏற வேண்டும். ஆண் இல்லாத வீடு மட்டும் கூலிக்கு ஆள் அனுப்பலாம். மருதாத்தா அக்கா வீட்டில் ஆண் இல்லை. அவர்கள் முறைக்குச் சந்தனம் வருவார். ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் யானைக்குக் காவல் இருந்துவிட்டு இறங்கி வந்தவர்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. எந்த வீட்டு முறையில் பன்றி இறங்குகிறதோ, அந்த வீடு நாலு தோட்டத்து நஷ்டத்தையும் கட்ட வேண்டும். கட்டுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு ஜோடி எருது. நான் ஒரு ராத்திரி கண் அசந்தால் எருது போகும். எருது போனால் அடுத்த உழவு போகும்.

அதுவரை அப்பாதான் காவலுக்குப் போனார். அந்த வருஷம் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வீட்டில் அடுத்த ஆண் நான். எங்கள் வம்சத்திலேயே முதல் பி.ஏ. பாடம் தத்துவம். கல்யாணமாகி ஆறு மாதம். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருட்டு என்றால் பயம் கிடையாது. இருட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் கொஞ்சம் சங்கடம்.

“ஏனுங்க, அஞ்சு கட்டை டார்ச் ஒண்ணு வாங்கிக்கங்க” என்றாள் என் மனைவி கமலாத்தாள்.

“டார்ச் அடிச்சா பன்னி எனக்குத் தெரியும். சரி. நான் பன்னிக்குத் தெரிஞ்சிருவனே?”

“தெரிஞ்சா ஓடிப்போயிருமுங்க.”

“எது ஓடும்?”

கமலாத்தாள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

“அப்ப மத்த ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லிட்டுச் சந்தனத்தையே நம்ம மொறைக்கும் வெச்சுக்கலாமுங்க. ஏலத்தோட்டத்துல ஆனையையே பாத்த ஆளு.”

“கூலிக்கு ஆள் அனுப்பறதா? ஆம்பளை இல்லாத ஊடுன்னு ஊர்ல பேசமாட்டாங்களா? நான் எதுக்கு இருக்கறேன்?”

இதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. அவள் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் பதில் சொல்லாமல் இருப்பதில் எம்.ஏ.

அப்போதுதான் என் தீர்மானத்தை வெளியிட்டேன். பட்டாளத்தில் இருட்டிலும் பார்க்கிற கண்ணாடி இருப்பதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். நாம் பன்றியைப் பார்க்கலாம். பன்றி நம்மைப் பார்க்காது. இதைவிட நாகரிகமான ஏற்பாடு உலகத்தில் உண்டா? பட்டாளத்தில் இருப்பது எதுவும் ஒருநாள் வாளையாருக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளில் வராத பொருள் கிடையாது.

“காசு?” என்றாள்.

“என் போஸ்டாபீஸ் பணம்.”

அவள் கண் ஒரு விநாடி மின்னியது. சொல்ல வேண்டும்: என் டியூஷன் பணம் அறுபது ரூபாய் போஸ்டாபீஸில் கிடந்தது. ஆறு மாதமாக அவள் பட்டுப்புடவை என்று கேட்டாள், பால்மாடு என்று கேட்டாள், தலைவலி என்றுகூடக் கேட்டாள். நான் அசையவில்லை. அந்த விஷயத்தில் நான் கெட்டி.

“அறுவதுக்கு மேல ஒரு பைசா கூடாதுங்க” என்றாள். “கடன் வாங்கக் கூடாதுங்க.”

“வாங்கமாட்டேன்.”

“வாளையார்ல மத்தியாசுன்னு ஒருத்தர் இருக்கறாருங்க. எங்கம்மா ஊட்டுப் பக்கந்தானுங்க. செக்போஸ்ட் டீக்கடையில கேட்டா வருவாரு. ஆனா நாளைக்குப் போகாதீங்க. ஞாயித்துக்கெழமை போங்க.”

“ஏன்?”

“நாளைக்கு அவரு இருக்கமாட்டாருங்க.”

மனைவி இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டால் கணவன் பயப்பட வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாளையாரில் மத்தியாஸ் எனக்காகவே காத்திருந்தது போல டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாக்குப்பை. வெளியே சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து முதல் சாமானை எடுத்தார். இரட்டைக் குழல்.

“இது பைனாகுலர் சாரே. அரை மைலுக்கு அந்தப் பக்கம் நிக்கற பன்னி, சாரோட மூக்குக்கு நேரா வந்து நிக்கும்.”

“வேண்டாம்.”

“வெலையே கேக்கலியே?”

“விலையில ஒண்ணுமில்லை. மூக்குதான்.”

அடுத்தது ஒற்றைக் குழல். கப்பல்காரர்கள் வைத்திருப்பது மாதிரி.

“இதுல பாக்கறப்ப இன்னொரு கண்ணை என்ன பண்றது?” என்று கேட்டேன்.

“மூடிக்கணும்.”

“மூடின கண்ணு பக்கமா வந்துச்சுன்னா?”

மத்தியாஸ் டீயைக் கீழே வைத்தார். “இத்தன வருசத்துல இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்ல சாரே” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவதாக, பையின் அடியிலிருந்து, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு ஒரு கண்ணாடியை எடுத்தார். தோல் பட்டை. பக்கவாட்டிலும் அடைப்பு. வட்ட வட்டமாகக் கரும்பச்சைக் கண்ணாடி. போட்டுப் பார்த்தேன். நட்ட நடு மத்தியானம். செக்போஸ்ட் மறைந்தது. லாரிகள் மறைந்தன. மத்தியாஸ் மறைந்தார். வானத்தில் சூரியன் மட்டும் வெளிறிய எலுமிச்சம்பழம் போலத் தொங்கியது.

“ஒண்ணுமே தெரியலையே?”

“பகல்ல எப்படி சாரே தெரியும்? இது ராத்திரிக் கண்ணாடி. நல்லா யோசிச்சுப் பாருங்க. பகல்லயே இப்படி இருட்டாக் காட்டுதுன்னா, ராத்திரியில எப்படிக் காட்டும்?”

யோசித்தேன். தர்க்கம் எனக்குப் பாடம். அதில் என் வகுப்பிலேயே இரண்டாவது மார்க். பகலுக்கு எதிர் இரவு. இருட்டுக்கு எதிர் வெளிச்சம். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வந்தது. ஆனால் அன்று வெயிலும் கடுமை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

நூற்றைம்பது சொன்னார். நான் முப்பது என்றேன். அவர் எழுந்து போனார். நான் எழுந்து போனேன். இரண்டு பேரும் ஒரே லாரியைச் சுற்றி வந்து மறுபடி முட்டிக்கொண்டோம். கடைசியில் ஐம்பதுக்கு முடிந்தது. மத்தியாஸ் பெருமூச்சு விட்டபடி பணத்தை மடித்தார்.

“சாரு என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.ஏ.”

“அதானே பாத்தேன். ஏமாத்த முடியல.”

கொல்லங்கோடு பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு இந்த வாக்கியமே கேட்டுக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கமலாத்தாள் சோதனை வைத்தாள். எங்கள் நெல் பத்தாயம் இருக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலேயே அமாவாசை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் எதிரே நின்றாள். கதவைச் சாத்தினாள்.

“என்ற கையில எத்தன வெரலுங்க?”

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. ஆனால் ஐம்பது ரூபாய் கொடுத்தவனுக்கு ஒன்றுமே தெரியாமல் போகுமா? எதுவோ அசைந்தது போலத்தான் இருந்தது.

“மூணு.”

“அட! மூணேதானுங்க! இப்ப?”

“அஞ்சு.”

“ஐயோ, என்ன கண்ணுங்க உங்களுக்கு!”

அந்தச் சமயம் அவள் இரண்டு கையாலும் முறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். இது பொங்கியண்ணன் சொன்னது. அவருக்கு அவர் மனைவி பொன்னாத்தாள் சொன்னது. பொன்னாத்தாளுக்குக் கமலாத்தாளே சிரித்துச் சிரித்துச் சொன்னது.

வெளியே வரும்போது பத்தாயத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

“அது கிட்டத்துல இருக்குதுங்க. இது தூரத்துக் கண்ணாடி ஆச்சுங்களே” என்று எண்ணெய் தடவிவிட்டாள். நியாயமாகத்தான் பட்டது.

என் முதல் முறை வந்தது. பொழுது இறங்கி இருட்டுக் கட்டும்போது பரணில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டினேன். தோட்டம் மறைந்தது. மலை மறைந்தது. என் முழங்காலும் மறைந்தது. இருந்தாலும் அதற்குமுன் எனக்கு இருந்த சங்கடம் போய்விட்டது. முன்பு இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எங்கிருந்தோ பீடி வாடை வந்தது. மலையில் விறகுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் மேட்டுப் பக்கம் சருகு சரசரத்தது. உறுமல். எனக்கு வியர்த்தது. ஆனாலும் அந்தத் திசையில் தலையைத் திருப்பி, கண்ணாடியோடு ஒரு முறை முறைத்தேன்.

டப்!

அவ்வளவுதான். கனத்த கால்கள் மலையைப் பார்த்து ஓடின.

பன்றியை நான் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. பன்றி என்னைப் பார்த்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

விடிந்ததும் நாலு தோட்டத்தையும் சுற்றிப் பார்த்தோம். ஒரு செடி சாயவில்லை. அடுத்த முறையிலும் அப்படியே. முறைத்தேன், டப், ஓட்டம். அதற்கடுத்த முறையிலும் அப்படியே. குப்பண்ணன் முறையில் வரப்போரம் கடித்துப்போயிருந்தது. பொங்கியண்ணன் முறையிலும் சிறிது சேதம். கூலிக்கு வந்த சந்தனத்தை விட்டால் என் முறையில் மட்டும் சுத்தம். முதலமடை வரை சங்கதி பரவியது. சந்தைக்குப் போனால் எனக்கு வழி விட்டார்கள்.

குப்பண்ணன் ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார்.

“அம்மிணி, அந்தக் கண்ணாடிய ஒரு ராத்திரிக்கு என்கிட்டக் குடு சாமி.”

“அது இவரு மூஞ்சிக்குன்னே அளவெடுத்துச் செஞ்சதுங்கண்ணா” என்றாள் கமலாத்தாள்.

“அப்ப நானே வாளையார் போயி ஒண்ணு வாங்கிக்கறேன்.”

“வேண்டாமுங்கண்ணா. சொன்னாக் கேளுங்க. அது எல்லாருக்கும் ஒத்து வராதுங்க.”

மனைவியின் பெருந்தன்மையில்லாத இந்தப் பதில் எனக்கு வருத்தமாக இருந்தது. குப்பண்ணனுக்கு ரோஷமாக இருந்தது. அவர் போனார். வாங்கினார். தம் முறையன்று கண்ணாடி மாட்டிக்கொண்டு பரணில் ஏறினார்.

மறுநாள் காலையில் பார்த்தால் பரணைச் சுற்றியே உழுதுபோட்ட மாதிரி இருந்தது. பன்றிகள் அவர் காலடியில் பந்தி உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிருந்தன. நாலு வீடும் கூடியது. குப்பண்ணன் கண்ணாடியை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

“அதே ஆளுகிட்டத்தான் வாங்குனேன்! அதே கண்ணாடி! எனக்கு மட்டும் ஏன் தெரியல?”

“கண்ணாடி ஒண்ணுதான் குப்பண்ணா” என்றார் பொங்கியண்ணன், எங்கோ பார்த்துக்கொண்டு. “கண்ணு வேற ஆச்சே.”

“நீ சொல்லு தம்பி. பி.ஏ.வுல எந்த வருசம் இதச் சொல்லித் தர்றாங்க?”

“கவனம் எல்லா வருஷமும் உண்டுங்கண்ணா” என்றேன் அடக்கமாக.

குப்பண்ணன் தம் விதைக்கடலையை அளந்து நஷ்டத்தைக் கட்டினார். எங்கள் தோட்டத்துப் பங்கை நான் வாங்க மறுத்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு அது அழகு. அன்று மாலை அப்பா, முழங்கால் வலியோடு எழுந்து வந்து, என் தோளில் கை வைத்தார். பட்டம் வாங்கியபோதுகூட அவர் அப்படிச் செய்ததில்லை.

கடலை பிடுங்கியாயிற்று. எருது இரண்டும் தொழுவத்தில் அசை போட்டுக்கொண்டு நின்றன. கொடியோடு காய் குவிந்து கிடந்த களத்தில் பொங்கியண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“தம்பி, ஒண்ணு சொன்னா வருத்தப்படமாட்டயே?”

“சொல்லுங்கண்ணா.”

“உன்ற மொறையன்னைக்கெல்லாம் பரணுக்குக் கீழ சந்தனம் ஒக்காந்திருந்தான்.”

“எதுக்குங்க?”

“பன்னி பாக்கத்தான். பொளந்த மூங்கில் ஒண்ணு வெச்சிருந்தான். சருகு அசைஞ்சா ஒரு தட்டு.”

“டப்புன்னா?”

“டப்புன்னுதான். பீடியும் அவனுதுதான்.”

நான் ஒரு கடலையை உடைத்தேன். உள்ளே பருப்பு இல்லை.

“அந்தக் கண்ணாடி வெல்டிங் பட்டறையில போடறது தம்பி. மத்தியாசு பட்டறை உன்ற மாமனார் ஊட்டுக்குப் பின்னாலதான். நீ குடுத்த காசுல கண்ணாடிக்கு மட்டும் எடுத்துட்டு மிச்சத்த அன்னைக்கே கமலாத்தா கையில சேத்துட்டான். அதுலதான் சந்தனத்துக்கு ராத்திரிக்கு மூணு ரூவா கூலி.”

“உங்களுக்கு யாரு சொன்னது?”

“என்ற ஊட்டுல சொன்னா.”

“எப்ப?”

“நீ வாளையார் போறதுக்கு மொத நாளு.”

வீட்டுக்கு நடந்தேன். நடையில் கோபம் இருந்தது. கமலாத்தாள் வாசலில் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“சந்தனத்தைக் கீழே உட்கார வச்சது நீதானா?”

“ஆமாங்க” என்றாள், நிமிராமலே.

“கூலிக்கு ஆள் அனுப்பறது மானக்கேடுன்னு சொன்னேனா இல்லையா?”

“ஆளு அனுப்பலீங்களே. நீங்கதான போனீங்க? ஊட்டு ஆம்பளை பரண்ல இருக்கோணும்னுதானுங்க பேச்சு. கூட ஒரு ஆளு கீழ இருக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன். விதியில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

“என் பணத்தை ஏமாத்தி எடுத்திருக்கறே.”

“மொதல்லயே சந்தனத்துக்குக் குடுங்கன்னு கேட்டனுங்க. கண்ணாடிக்குத்தான் காசு எடுப்பேன்னீங்க. சரீன்னு கண்ணாடி வழியாவே எடுத்தனுங்க. பன்னி தோட்டத்துல எறங்குச்சுங்களா?”

“இல்லை.”

“எருது போச்சுங்களா?”

“இல்லை.”

“உங்க பேரு கெட்டுதுங்களா?”

“இல்லை.”

“அப்பறம் எதுக்குங்க வெயில்ல நிக்கறீங்க? உள்ள போயி மோரு குடிங்க. ஒண்ணு மட்டும் சொல்றனுங்க. நீங்க மேல இல்லாமப் போயிருந்தா மொறையே செல்லாது. எருது போயிருக்குமுங்க. சந்தனம் பாதிதான். நீங்க பாதி.”

மோரைக் குடித்தேன். குடிக்கக் குடிக்கத் தெளிவு வந்தது. அவள் சொன்னது சரிதான். சட்டப்படி பார்த்தால் காவல் காத்தது நான்தான். வெற்றியில் எனக்குப் பாதி உண்டு. பாதி என்பது சின்ன விஷயமில்லை.

மோரின் கடைசி மடக்கில்தான் இன்னொன்று உறைத்தது. மருதாத்தா அக்கா முறைக்கு இதே சந்தனம் ராத்திரிக்கு ஒரு ரூபாய்தான் வாங்குகிறார். என் முறைக்கு மூன்று. அதே பரண். அதே பன்றி. அதே மூங்கில். ஆக, இத்தனை கெட்டிக்காரியான என் மனைவியையும் ஒருவர் ஏமாற்றியிருக்கிறார்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் என் பி.ஏ.வுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் விசாரிக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சந்தனத்தைத் தேடிப் போனேன். மதகடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. பீடியைக் கீழே போட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்.

“கணக்கு சரிதான் சார். பன்னியப் பாத்துக்கிடுறதுக்கு ஒரு ரூவா. நீங்க பரண விட்டு விழுந்திராமப் பாத்துக்கிடுறதுக்கு ரெண்டு.”